பெட்டியில் இல்லாத கடல் அட்டை

மாதிரிப் பெட்டிகளைக் கழுவும் வேலையை அண்ணி வேறு யாரிடமும் கொடுக்கமாட்டாள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் பெட்டிகள், மொத்தம் இருபத்து நான்கு. எந்தப் பொதுச் சமையலறைக்கும் இது சட்டம்: சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கைப்பிடி எடுத்து மூடி, தேதியும் நேரமும் ஒட்டி, தனிக் குளிர்பெட்டியில் நாற்பத்தெட்டு மணி நேரம் வைக்க வேண்டும். பக்கத்தில் தொங்கும் பதிவேட்டில் என்னென்ன பரிமாறினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது ஆனால் அதிகாரிகள் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பல இடங்களில் தட்டில் மிஞ்சியதை வழித்துப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அண்ணி ஒரு கரண்டியைத் தனியாக வெந்நீரில் முக்கி வைத்து, எங்கள் கிளப்பின் கால்பந்து ஆட்டக்காரர்கள் வந்து உட்காருவதற்கு முன்பே எடுத்துவிடுவாள். கெடு முடிந்த பெட்டிகளை மதியப் பந்தி முடிந்ததும் கொட்டிக் கழுவி, கடலைப் பார்த்த ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைப்பாள்.

"ஒரு நாளைக்கு நான் கழுவறேனே அண்ணி" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ முதல்ல முட்டைக்கோஸை ஒரே அளவா நறுக்கக் கத்துக்கோ ஃபாங். அப்புறம் பெட்டிக்கு வரலாம்."

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது.

அண்ணியின் பெயர் லுவான் ஷியுமெய். பத்தொன்பது வயதில் ஷிங்வான் கப்பல்தளத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சேர்ந்தாள். மூவாயிரம் பேர் சாப்பிடும் கூடம். ஒரு கோடையில் பக்கத்து ஆலையின் வேகாத அவரைக்காயைத் தின்று நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். எங்கள் தளத்தில் ஒருவனுக்கு ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் இழவு வீட்டில் உட்கார்ந்தாலும் அண்ணி இதை எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். முப்பத்தாறு வருஷம், ஒரு வயிறு கெட்டதில்லை. அவளிடம் வேறு சொத்து கிடையாது. நகை போட்டுக்கொள்ளமாட்டாள், கைக்கு ஒரு களிம்புகூடத் தடவமாட்டாள்.

களிம்பு தடவாததற்குக் காரணம் கடல் அட்டை, உடம்புக்குப் பலம் என்று எங்கள் பக்கம் வெள்ளி விலைக்கு விற்கும் கடல் பிராணி. காய்ந்து சுருங்கி ஆணி மாதிரி வரும் அதை, தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைத்து, வயிற்றைக் கீறி மணலை எடுத்து, அவித்து, திரும்பவும் ஐஸ் தண்ணீரில் இரண்டு நாள் போட்டால்தான் விரல் நீளத்துக்கு ஊதி வரும். இந்த நான்கு நாளில் பாத்திரத்திலோ கையிலோ ஒரு துளி எண்ணெய் பட்டால் போதும், அத்தனையும் கரைந்து சளியாகிவிடும். அண்ணி ஒன்றைக்கூடக் கரையவிட்டதில்லை. ஆனால் கப்பல்தளத்தில் கடல் அட்டை ஏது? அது வந்தது லெங் முதலாளியோடு.

அதற்கு முன்னால் எங்கள் அணி தளத்தின் அணிதான். வெல்டிங் போடுபவனும் பெயின்ட் அடிப்பவனும் வேலை முடிந்து ஆடுவார்கள். பிறகு சம்பளத்துக்கு ஆடும் லீக் என்று ஆரம்பித்தார்கள். நாங்கள் இரண்டாம் பிரிவில் நடுவில் எங்கோ கிடந்தோம். யாருக்கும் அதில் வருத்தமில்லை. என் அண்ணன் மோ தெமாவ், அண்ணி வாயில் 'லாவோ மோ', அதாவது கிழ மோ, தளத்தில் கிரேன் ஓட்டினான். கப்பலைக் கடலில் இறக்கும்போது அடிக்கிற பெரிய முரசு ஒன்று இருந்தது. தளம் கப்பல் கட்டுவதைக் குறைத்துக்கொண்டபோது அதை வடக்குக் காலரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை கையை நிறுத்தமாட்டான். அண்ணிக்குத் தன் கூடத்தின் வயிறுகள் எப்படியோ, அவனுக்கு அது அப்படி. முப்பது வருஷத்தில் ஒரு ஆட்டத்திலும் பாதியில் எழுந்து வந்ததில்லை என்பான்.

லெங் முதலாளி வீடு கட்டி விற்பவர். ஜின்லான் என்ற அவர் கம்பெனியின் கோபுரங்கள் கடற்கரை நெடுகச் சோளக்கொல்லை மாதிரி நின்றன. ஒரு வசந்தத்தில் அணியை வாங்கினார். பெயர் ஷிங்வான் ஜின்லான் என்று ஆயிற்று. கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மைதானம் பச்சையாக இருக்கும் என்பது மட்டும். அதையும் பச்சையாக இல்லை என்று சொல்லி, ஒரு தடவை மேயர் வருகிறார் என்றபோது பெயின்ட் அடிக்கச் சொன்னார். ஆட்டம் முடிந்து வந்தவர்களின் முழங்கால்கள் ஒரு வாரத்துக்குப் பச்சையாக இருந்தன.

ஆனால் பணம் இருந்தது. பிரேசிலிலிருந்து ஒருவனை வாங்கி வந்தார்கள். அவனுக்குக் கொடுத்த விலையைக் கேட்டு எங்கள் குடியிருப்பில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நகரத்தின் ஒவ்வொரு சுவரிலும் அவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். பின்னால் மூன்று படுக்கையறை வீடு, முன்பணத்துக்குச் சீசன் டிக்கெட் இலவசம். வீடும் விற்றது, கோலும் விழுந்தது. முதல் பிரிவுக்கு ஏறினோம். மூன்றாம் வருஷம் நான்காவது இடம். அந்த இரவு கடற்கரைச் சாலையில் அறுபது வயசுக் கிழவர்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். அண்ணனும் சுழற்றினான். மறுநாள் நெஞ்சுச் சளி.

பயிற்சி மைதானத்தில் கட்டிய புதிய சமையலறைக்கு அண்ணியைத் தலைமையாகக் கொண்டுவந்தார்கள். ஓய்வு வயது தாண்டியும் விடவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தினம் ஒரு கடல் அட்டை, தினைக் கஞ்சியில் போட்டு. அது கிளப்பின் விளம்பரப் புத்தகத்திலேயே படத்தோடு வந்தது. பிரேசில்காரன் முதல் நாளே கிண்ணத்தை உற்றுப் பார்த்துவிட்டு நகர்த்தி வைத்தான். அண்ணி அவனுக்கு முட்டையும் தக்காளியும் போட்டு நூடுல்ஸ் செய்து கொடுத்தாள். அதைத் தின்றுதான் அவன் பத்தொன்பது கோல் போட்டான். கடல் அட்டை தின்ற பத்துப் பேர் அவன் பின்னால் ஓடினார்கள்.

பிறகு வீடு விற்காமல் போயிற்று. எங்கள் ஊரில் மட்டுமல்ல, எங்கேயும். பிரேசில்காரன் போனான், அவன் படத்தைச் சுவர்களிலிருந்து கிழிக்கக்கூட ஆள் வைக்கவில்லை, மழையில் அவனே உரிந்தான். கம்பெனிப் பெயரை அணிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு வந்தபோது ஓட்டெடுப்பு நடத்தி 'ஷிங்வான் அலை' என்று பெயர் வைத்தார்கள். அலை என்றால் அடுத்து இறங்கத்தான் செய்யும் என்று மீன் சந்தையில் சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். அங்கும் கடைசிக்கு மேலே நாலு படி.

அந்தக் காலத்தில்தான் கோங் ஷாவ்பெங் பொது மேலாளராக வந்தான். முப்பத்தெட்டு வயது. ஜின்லானில் வீடு விற்றவன். எதைச் சொன்னாலும் கடல் பார்த்த பால்கனியைக் காட்டுவது மாதிரி கையை விரித்துச் சொல்வான். காரியம் இல்லாத நாளில் அண்ணியை 'லுவான் மாஸ்டர்' என்பான். காரியம் இருந்தால் 'லுவான் அக்கா'.

இலையுதிர்காலம் ஆரம்பித்த ஒரு நாள் சிவப்பு அட்டைப் பெட்டிகளோடு சமையலறைக்கு வந்தான்.

"லுவான் அக்கா, இந்தக் கடல் அட்டையையெல்லாம் இதுல அடுக்கிடுங்க. காய்ஞ்சதாவே."

"இது பசங்களுக்கு வந்தது கோங் சார்."

"பசங்க எங்க போயிடப் போறாங்க? பெரியவங்க நாலு பேரைப் பார்க்கணும். இப்ப கிளப் மூச்சு விடறதே அவங்க தயவுல."

பெட்டிகள் அவன் கார் டிக்கியில் ஏறின. அடுத்த வாரமும் ஏறின. அப்புறம் சரக்கு நேராக டிக்கிக்கே வந்தது. அண்ணியின் ஊறவைக்கும் பானைகள் காய்ந்து கிடந்தன.

"பதிவேட்டுல என்ன எழுதறது?" என்று கேட்டாள்.

"வழக்கம்போல எழுதிடுங்க அக்கா. ஆளுக்கு ஒண்ணு. கம்பெனி அந்தக் கணக்குலதான் சாப்பாட்டுப் பணம் அனுப்புது. சும்மா ஒரு சம்பிரதாயம்தானே."

அண்ணி எழுதினாள். இதில் அவளை விட்டுக்கொடுக்காமல் பேச எனக்கு வழி தெரியவில்லை. தினம் கஞ்சி, பன்றிக்கறி, முட்டைக்கோஸ், சூப் என்று எழுதிவிட்டு மேலே 'கடல் அட்டை, ஆளுக்கு ஒன்று' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் மாதிரிப் பெட்டியில் இல்லாத பதார்த்தத்தை வைக்க முடியாதே. பதிவேட்டில் ஐந்து பதார்த்தம், குளிர்பெட்டியில் நான்கு பெட்டி. இப்படி அறுபத்தோரு நாள்.

சீசனின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊரிலேயே. எங்களுக்கு அதில் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. எதிரணி லின்ஹே, அவர்கள் ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கீழே விழாமல் தப்புவார்கள், நான்கு என்றால் போச்சு. ஆட்டக்காரர்களுக்குப் பதினொன்றரைக்குச் சாப்பாடு போட்டு, மாதிரி எடுத்து வைத்துவிட்டு, நானும் அண்ணியும் வீட்டுக்கு வந்தோம். நான் அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே இருக்கிறேன். அவள் வீட்டில் உட்கார்ந்து வஞ்சிர மீன் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் முரசோடு உள்ளே வந்தான். அதைப் பால்கனியில் வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்து மாவு உருட்ட ஆரம்பித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் மாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

"மழை வரும்போல இருக்கு" என்றான் அண்ணன்.

ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் உருட்டியதெல்லாம் ஒன்று தடியாகவும் ஒன்று மெலிசாகவும் இருந்தது. அவற்றை மட்டும் அண்ணி தனியாக ஒதுக்கி வைத்தாள்.

ஐந்தே முக்காலுக்கு எதிர்வீட்டுக்காரன் கதவைத் தட்டி, "பார்த்தீங்களா?" என்று போனைக் காட்டினான். ஐந்துக்குப் பூஜ்யம். சரியாக ஐந்து. நான்கும் இல்லை, ஆறும் இல்லை. கடைசி மூன்று கோலும் இரண்டாம் பாதியில். ஒரு கோலின்போது எங்கள் தடுப்பாட்டக்காரன் பந்து பக்கத்தில் போகையில் குனிந்து உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டினான். அது நாடா இல்லாத ஷூ. யாரோ அதைப் பெரிதாக்கி வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் நாடெங்கும் பார்த்துவிட்டார்கள்.

ஆட்டத்தை விற்றதாகத் தெரிந்தால் அணியையே அழித்துவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் விளக்கம் வேண்டும் என்று கால்பந்து மேலிடம் கேட்டது. ஞாயிறு காலையில் கோங் ஒரு காகிதத்தோடு சமையலறைக்கு வந்தான்.

"லுவான் அக்கா, கொஞ்சம் உட்காருங்க."

"நின்னுக்கிட்டே கேட்கறேன்."

"நேத்து மத்தியானச் சாப்பாட்டுல பசங்களுக்கு வயிறு சரியில்லாம போச்சு. பதினோரு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. கடல் அட்டை சரியா ஊறல, கெட்டுப்போயிருந்துது. கவனக்குறைவு என்னோடதுதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அண்ணி காகிதத்தை வாங்கவில்லை. "எந்தக் கடல் அட்டை?"

"நேத்துப் போட்டது."

"நேத்து எங்க போட்டேன்?"

கோங் தொங்கிய பதிவேட்டை எடுத்துப் புரட்டினான். "இதோ. கடல் அட்டை, ஆளுக்கு ஒண்ணு. உங்க கையெழுத்து."

அண்ணி அவனைக் கையைப் பிடிக்காத குறையாகக் குளிர்பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். சனிக்கிழமை மதியம்: கஞ்சி, பன்றிக்கறி, முட்டைக்கோஸ், முட்டைச் சூப். நான்கு பெட்டி. "எடுத்துக் காட்டுங்க கோங் சார். அட்டையெல்லாம் உங்க டிக்கியிலதானே போச்சு? அங்கேருந்து எப்ப என் கஞ்சிக்கு நகர்ந்து வந்துது, எனக்குத் தெரியாம?"

அவன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். நிஜமாகவே மறந்திருந்தான். தான் எழுதச் சொன்னதை அறுபத்தோரு நாள் படித்துப் படித்து, பிள்ளைகள் தினம் அட்டை தின்கிறார்கள் என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டான். அவர்களுக்கு வந்ததைத் தானே காரில் ஏற்றிக்கொண்டே நம்பினான்.

"முட்டைக்கோஸ்னு மாத்திடுங்களேன்" என்று நான்தான் சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"முட்டைக்கோஸ் தின்னு வயிறு போச்சுன்னா கிளப்புக்கு அசிங்கம் இல்லையா?" என்றான் கோங், என்னிடம் மிகவும் பொறுமையாக. "அதுவும் இல்லாம விளக்கம் மேல போயாச்சு. கடல் அட்டைன்னு அனுப்பிட்டேன்."

பிறகு அண்ணியின் பக்கம் திரும்பிக் கையை விரித்தான். "அக்கா, யோசிச்சுப் பாருங்க. கையெழுத்துப் போட்டா உங்களுக்கு ஆறு மாசம் லீவு, அவ்வளவுதான். கிளப் பிழைச்சுடும். போடலன்னா நீங்களும் தப்ப மாட்டீங்க. ரெண்டு மாசம் பொய் எழுதினது யாரு? நாளைக்கு ரெண்டு மணிக்குச் சோதனைக்கு வராங்க. பெட்டியோட கெடு பதினொன்றரையோட முடியுது. நீங்க பொய் சொல்லவே வேண்டாம். எப்பவும்போலக் கழுவிக் கவுத்துடுங்க."

காகிதத்தை மாவு டப்பாவின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

அன்று மதியம் கோல்கீப்பர் சுய் காய் சமையலறைக் கதவருகே வந்து நின்றான். ஆறடி மூன்றங்குலம். முந்தின நாள் ஐந்து பந்து அவனைத் தாண்டிப் போனதில் மூன்றுக்கு அவன் தப்பான பக்கம் விழுந்திருந்தான்.

"அத்தை, முட்டை நூடுல்ஸ் கிடைக்குமா?"

"வயிறு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அத்தை, பசிக்குது" என்றவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"காலையில கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கொடுத்தியாமே?"

"கோங் சார் எழுதிவச்சிருந்தார். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"என் சாப்பாட்டை எத்தனை வருஷமா சாப்பிடற?"

"ஒன்பது."

அண்ணி நூடுல்ஸ் செய்து கொடுத்தாள். அவன் குனிந்தபடியே சாப்பிட்டான். இரண்டாவது கிண்ணமும் கேட்டான். வயிறு கெட்டுப் பதினோரு பேர் படுத்துக்கிடப்பதாக அன்று மாலைப் பத்திரிகையில் வந்தது.

வீட்டில் அண்ணனிடம் யாரோ முன்பே சொல்லிவிட்டிருந்தார்கள். கோங்தான் போன் பண்ணியிருப்பான். சாப்பாட்டு மேஜையில் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு கையெழுத்துதானே ஷியுமெய்."

"என் சாப்பாட்டுல விஷம்னு நானே எழுதணுமா?"

"விஷம்னு எங்க போட்டிருக்கு? கவனக்குறைவுன்னுதான் போட்டிருக்கு."

"கப்பல்தளத்துல என் கையால தின்னவங்க இன்னும் பாதிப் பேர் உயிரோட இருக்காங்க. அவங்க படிக்கமாட்டாங்களா?"

"அவங்க எல்லாரும் இந்த அணிக்காகக் கத்தினவங்கதான். புரிஞ்சுப்பாங்க."

"நேத்து ஆட்டத்தை வித்தாங்களா இல்லையா?"

"கால்பந்துல அப்படியும் நடக்கும். ஒரு நாள் எதுவும் ஓடாது." அண்ணன் தட்டைப் பார்த்துச் சொன்னான். "அணி போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு, சொல்லு."

"எனக்கு என்ன இருக்குன்னு கேட்டியா, லாவோ மோ?"

அவன் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்கள் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கும்படி வளர்க்கப்படவில்லை.

திங்கட்கிழமை மதியப் பந்தி முடிந்தது. பாதிப் பேர் 'உடம்பு சரியில்லாமல்' அறையில் இருந்தார்கள். அவர்களுக்கும் தட்டு போனது, காலியாக வந்தது. பன்னிரண்டு மணிக்கு அண்ணி குளிர்பெட்டியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைப் பெட்டி ஒன்று மூலையில் தங்கியிருந்தது; அதை எடுத்துக் கழுவினாள். சனிக்கிழமையின் நான்கையும் தொடவில்லை. கதவைச் சாத்தி, ஈரத் துணியால் கைப்பிடியைத் துடைத்தாள். கோங் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு தடவை அவன் கை குளிர்பெட்டிப் பக்கம் போனது. அண்ணி கறி வெட்டும் பலகைக்குப் போய், வெட்ட ஒன்றும் இல்லாமலே கத்தியைத் தீட்டத் தொடங்கினாள்.

இரண்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். உணவுச் சோதனைக்கு இரண்டு பேர், கால்பந்து மேலிடத்திலிருந்து ஒருவர். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் பேசினாள். எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கோங் அவர்களுக்குத் தேநீர் ஊற்றினான். அண்ணி நான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக மேஜையில் வைத்துப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"ஐந்து பதார்த்தம் எழுதியிருக்கு, நாலு பெட்டி இருக்கு" என்றாள் அந்த அம்மாள். "கடல் அட்டை எங்கே?"

"அது போடல. அறுபத்தோரு நாளாப் போடல. போட்டதா எழுதினது நான்."

"சனிக்கிழமை யாருக்காவது வயிறு கெட்டுதா?"

"இதைச் சோதனை பண்ணிப் பாருங்க. கெட்டிருந்தா என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க."

"பொய்யா எழுதச் சொன்னது யாரு?"

"எழுதின கை என்னோடது. சொன்ன வாய் இந்த அறையிலதான் இருக்கு. கேட்டுப் பாருங்க, அவரே மறந்திருப்பார்."

கோங் யாருக்கும் வேண்டாத இரண்டாம் கோப்பைத் தேநீரை ஊற்றினான். அது நிரம்பி மேஜையில் வழிந்து பதிவேட்டின் ஓரத்தை நனைத்தது. அண்ணி பதிவேட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

பெட்டிகளில் ஒன்றும் கெடவில்லை. அது நாலே நாளில் தெரிந்தது. வயிறு நன்றாக இருந்தால் ஆட்டம் ஏன் அப்படி இருந்தது என்பதைத் தோண்ட நாலு மாதம் ஆயிற்று. சுய் காய்தான் முதலில் வாயைத் திறந்தான்; அவனுக்கு வாழ்நாள் தடை. நாடா கட்டியவனுக்கும் அதேதான். அணியைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். லெங் முதலாளி அதற்குள் தெற்கே எங்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அவருக்கு மட்டும் உண்மையிலேயே வயிறோ என்னவோ. கோங் இப்போது மின்சாரக் கார் விற்கிறான், அதே கை விரிப்போடு. பயிற்சி மைதானம் கார் ஓட்டப் பழகும் பள்ளியாகிவிட்டது. கோல் கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பொய்ப் பதிவேட்டுக்காக அண்ணியின் சமையல் அனுமதியை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி, பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவள் போய் அந்தப் பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு வந்தாள். "பொய்யா எழுதினதுக்குன்னுதான் போட்டிருக்கு. சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல" என்றாள். அன்று வீட்டில் கறி வாங்கிச் சமைத்தாள்.

வடக்குக் காலரிக்காரர்களுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. ஆட்டத்தை விற்றவர்களை அவர்கள் இரண்டு வாரத்தில் மறந்துவிட்டார்கள். ஐந்தாவது கோலைப் பற்றி இப்போது பேசுபவனே இல்லை. அணியைக் கொன்றது சமையல்காரி என்று முடிவாகிவிட்டது. எங்கள் படிக்கட்டுச் சுவரில் யாரோ 'ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முப்பது வருஷம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் தேய்த்து அழித்தேன். மீன் சந்தையில் அண்ணியைப் பார்த்து ஒருத்தன் "மாஸ்டர், கடல் அட்டை ஊறிடுச்சா?" என்று கேட்டான். "உனக்கு ஊறவச்சா எண்ணெய்ச் சட்டியிலதான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவனிடமே பேரம் பேசி இரண்டு மீன் வாங்கினாள்.

அண்ணன்தான் பேசவில்லை. ஐந்து மாதம் சோறு, தண்ணீர், மின்சார ரசீது என்ற அளவில்தான் பேச்சு. பங்குனி வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனபோது, முரசைக் கூடத்தில் கிடத்தி அதன் தோலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். சீசன் ஆரம்பிக்கிற வாரம் அது. நாட்டில் மற்ற ஊர்களுக்கெல்லாம் அணி இருந்தது. அண்ணி அவனெதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவரைக்காயின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு முதல் ஆட்டம் இருந்திருக்கும்" என்றான் அண்ணன், முரசைப் பார்த்து.

அண்ணி நார் உரித்தாள்.

"எத்தனையோ பொய் எழுதினவதானே. அறுபத்தோரு நாள் எழுதின. அறுபத்திரண்டாவதா ஒண்ணு எழுதியிருந்தா அணி இருந்திருக்கும். ஒரு கையெழுத்து."

எனக்கு என் வீட்டுக்கு இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. அண்ணி கையிலிருந்த அவரைக்காயைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அன்னிக்கு ஆட்டம் மூன்றரைக்கு ஆரம்பிச்சு அஞ்சே கால் தாண்டி முடிஞ்சுது" என்றாள். குரலில் சூடு இல்லை. சந்தையில் எடை கேட்பது மாதிரிதான் இருந்தது. "மைதானத்துலேர்ந்து பஸ்ல வர அரை மணி. நீ நாலே முக்காலுக்கு என் பக்கத்துல உட்கார்ந்து மாவு உருட்டிட்டிருந்த. கடைசி விசில்வரைக்கும் கையை நிறுத்தாதவன். எத்தனையாவது கோலுக்கு முரசைத் தூக்கிட்டு எழுந்த, லாவோ மோ?"

அண்ணன் மெழுகுத் துணியை மடித்தான். மடித்ததை இன்னொரு தடவை மடித்து முரசின்மேல் வைத்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவருகே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனான்.